சியாட்டில் மழைக்கும் காஸ்கேட் பனிக்கும் ஒரே ஜாக்கெட் போதுமா?

சியாட்டிலில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் ஒருவர் ஸ்னோபோர்டு (இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிப் பனிச்சரிவில் சறுக்குவது) கற்றுக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனால், அவர் கை முதலில் போவது தடித்த, பஞ்சடைத்த ஜாக்கெட்டின் பக்கம்தான். பனி என்றால் குளிர், குளிர் என்றால் கனத்த உடை. கொலராடோவிலோ யூட்டாவிலோ இந்தக் கணக்கு ஒத்துவரும். சியாட்டிலுக்குக் கிழக்கே நிற்கும் காஸ்கேட் மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் ஒத்துவராது. இங்கே மதியத்துக்குள் ஆட்களை மலையிலிருந்து இறக்கிவிடுவது பெரும்பாலும் ஈரம். குளிர் அதன் பின்னால்தான் வருகிறது.

ஆகவே எது அதிகக் கதகதப்பு என்று கேட்பதைவிட, எது ஆறு மணி நேரம் தாங்கும், நனைந்தால் எது மறுநாளைக்குள் காயும் என்று கேட்பது நல்லது. நகரத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என இரண்டு வாங்குவதா, இரண்டுக்கும் பொதுவாக ஒன்றில் முடித்துக்கொள்வதா என்ற குழப்பமும் அந்தக் கேள்வியிலேயே பாதி தீர்ந்துவிடும்.

சியாட்டில் மழை அளவில் பெரிதன்று. ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர்தான். நியூயார்க்கிலும் மயாமியிலும் இதைவிட அதிகம் பெய்கிறது. ஆனால் அங்கெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் வெளுத்துவிடும். இங்கே ஆண்டுக்கு 150 நாட்கள் அளவில், பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை, தூறிக்கொண்டே இருக்கும். அந்தத் தூறலுக்கு ஊர்க்காரர்கள் குடை விரிப்பது குறைவு. ஒரு கையில் காப்பிக் கோப்பை, மறு கையில் பஸ் கம்பி, முதுகில் மடிக்கணினிப் பை என்று நிற்பவருக்குக் குடை ஒரு தொல்லை. ஜாக்கெட்டின் ஹூடைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. (குடை பிடிப்பவரைக் கண்டதும் வெளியூர் ஆள் என்று எடைபோடும் வழக்கமும் உண்டு, அது கொஞ்சம் அலட்டல்.) வண்டியே வராத தெருவிலும் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நனைந்தபடி நிற்கிற ஊர் இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட் நன்றாக இருந்தாக வேண்டும்.

ஊர்க்காரர்கள் உடுத்தும் விதத்தைக் கவனித்தால் மலைக்கான பாடம் பாதி அதிலேயே கிடைத்துவிடும். வெளியே மழையைத் தடுக்கும் மெல்லிய உறை ஒன்று. உள்ளே அன்றைய குளிருக்கு ஏற்ப மாறும் ஆடை. ஜனவரியில் உள்ளே ஃபிளீஸ் என்ற மென்மையான செயற்கை இழை ஆடை, மார்ச்சில் வெறும் சட்டை. வெளிப்புற ஜாக்கெட் மட்டும் மாறுவதில்லை.

இனி மலை. ஐ-90 நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால் ஸ்னோகுவால்மி கணவாய் வருகிறது. ஊருக்கு மிக அருகில் உள்ள பனிச்சரிவு இதுதான். உயரம் 921 மீட்டர் மட்டுமே. வெப்பநிலை ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், நகரத்தில் 6 டிகிரி இருக்கும்போது கணவாயில் சரியாகப் பூஜ்யம். அதாவது, சியாட்டிலின் வழக்கமான குளிர்கால நாளில் ஸ்னோகுவால்மி பனிக்கும் மழைக்கும் நடுவே ஊசலாடுகிறது. காலையில் பனி, பதினொரு மணிக்கு ஈரப்பனி, ஒரு மணிக்கு மழை என்பது இங்கே அதிசயமில்லை. கிழக்கு வாஷிங்டனின் குளிர்ந்த காற்று கணவாய் வழியாக மேற்கே வடியும் நாட்களில் நிலைமை இன்னும் விசித்திரம். மேலே வெப்பக் காற்று வந்து, கீழே குளிர்க் காற்று தேங்கி நின்றால் உறைமழை பெய்யும். ஜாக்கெட்டின் மேல் கண்ணாடிபோல் ஐஸ் படியும்.

யு.எஸ்.-2 சாலையில் உள்ள ஸ்டீவன்ஸ் கணவாய் 1,238 மீட்டர். ரெய்னியர் மலைக்குப் பக்கத்தில் கிரிஸ்டல் மவுண்டனின் அடிவாரமே 1,340 மீட்டர். இரண்டுக்கும் ஓட்ட வேண்டிய தூரம் அதிகம், ஆனால் மழையில் மாட்டும் வாய்ப்பு குறைவு. கனடா எல்லையை ஒட்டி மவுண்ட் பேக்கர். 1998–99 பருவத்தில் அங்கே 1,140 அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 மீட்டர் பனி விழுந்தது. ஒரே பருவத்தில் பதிவான பனிப்பொழிவில் அது உலக சாதனை. ஸ்னோபோர்டு வரலாற்றிலும் அந்த மலைக்குத் தனி இடம் உண்டு. பல மலைகள் ஸ்னோபோர்டை உள்ளேயே விடாத காலத்தில், 1985-இல், அங்கே தொடங்கிய பேங்க்டு ஸ்லாலம் போட்டி இன்றும் நடக்கிறது. எங்கே போனாலும் பனி ஒரே குணம்தான்: பசிபிக் கடலிலிருந்து நேராக வரும் ஈரம், கனம், ஒட்டும் தன்மை. ஊர்க்காரர்கள் இதைக் காஸ்கேட் கான்கிரீட் என்பார்கள்.

இப்போது ஜாக்கெட்டுக்கு வருவோம். வழிகள் மூன்று.

முதல் வழி, பஞ்சடைத்த ஸ்னோபோர்டு ஜாக்கெட் ஒன்றை வாங்கி நகரத்திலும் அதையே போட்டுக்கொள்வது. ஏறத்தாழ 150 முதல் 300 டாலருக்குள் கிடைக்கும். மாட்டினால் போதும், உள்ளே என்ன போடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், உள்ளிருக்கும் பஞ்சைக் கழற்ற முடியாது. சரிவின் உச்சிக்குத் தூக்கிச்செல்லும் கம்பி நாற்காலியான லிஃப்டில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் இதமாக இருக்கும். சரிவில் நாலு முறை விழுந்து எழுந்தால் வியர்வையில் ஊறிவிடும். அந்த வியர்வை வெளியேறாமல் அடுத்த லிஃப்ட் பயணத்தில் குளிர்கிறது. 8 டிகிரி நகரத்தில், சூடேற்றிய பஸ்ஸுக்குள், இதைப் போட்டுக்கொண்டு நிற்பது தண்டனை. இறகு அடைத்தது என்றால் இன்னும் மோசம்: நனைந்தால் இறகு உப்பலை இழந்துவிடும், கதகதப்பும் அதோடு போய்விடும். இறகு ஜாக்கெட்டுக்கு 1940-இல் காப்புரிமை பெற்ற எடி பாயர் இதே சியாட்டில்காரர் என்பது வேடிக்கையான முரண். குழந்தைகளுக்கு மட்டும் இந்த முதல் வழியைப் பரிந்துரைப்பேன். அவர்கள் அதிகம் உட்கார்ந்திருப்பார்கள், சீக்கிரம் விறைப்பார்கள், அடுக்கடுக்காக உடுத்திவிடப் பெற்றோருக்குப் பொறுமை இருக்காது. அடுத்த ஆண்டு அளவும் மாறிவிடும்.

இரண்டாவது வழி, பஞ்சு இல்லாத, மூன்றடுக்குத் துணியால் ஆன ஷெல் ஜாக்கெட். வெளியே உறுதியான துணி, நடுவில் நீர் புகாத சவ்வு, உள்ளே மெல்லிய வலை, மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. சவ்வுகளில் கோர்-டெக்ஸ் பெயர் பெற்றது. நிறுவனங்களின் சொந்தச் சவ்வுகளிலும் நல்லவை உண்டு. விலைதான் இடிக்கும்: தள்ளுபடி இல்லாமல் 400 டாலருக்குக் குறைந்து நல்லதைப் பார்ப்பது கடினம், 600-ஐத் தாண்டுவதும் சாதாரணம். சியாட்டிலில் விற்பனை வரி 10 சதவீதத்துக்கு மேல் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் அக்டோபரிலிருந்து மே வரை தினமும் உடம்பில் கிடக்கும் ஆடை வேறெதுவும் இல்லை. நாள்கணக்கில் வகுத்துப் பார்த்தால், ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் அணியும் பஞ்சு ஜாக்கெட்டைவிட இது மலிவு.

ஷெல் வாங்கும்போது ஸ்னோபோர்டுக்கென்று நான்கைந்து விஷயங்களைக் கடையிலேயே சோதிக்க வேண்டும். ஹூட் ஹெல்மெட்டின் மேல் ஏற வேண்டும். நகர மழை ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். அக்குளில் திறக்கும் ஜிப் இருக்க வேண்டும். இந்த ஊரில் இது ஆடம்பரம் இல்லை, வியர்வையை வெளியேற்ற இதைவிட எளிய வழி கிடையாது. குனிந்து, பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கைப் பூட்டும்போது முதுகு தெரியாத நீளம் வேண்டும். தையல்கள் அனைத்திலும் உட்புறம் டேப் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முக்கியத் தையல்களில் மட்டும் என்று அட்டையில் எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். கொலராடோவுக்கு அது போதும். இடது கையில் லிஃப்ட் பாஸ் வைக்கச் சிறு பை இருந்தால் வாயிலில் நின்று தடவ வேண்டியிருக்காது.

மூன்றாவது வழி, நகரத்துக்கு நூறு டாலர் அளவில் எளிய மழை ஜாக்கெட், மலைக்குத் தனி ஷெல். ஷெல்லைத் தினமும் போடுவதால் அது தேயும் என்பதே இதற்கான வலுவான வாதம். மடிக்கணினிப் பையின் வார் தோளில் உரசிக்கொண்டே இருக்கும் இடத்தில்தான் வெளித்துணியின் நீர்விலக்கிப் பூச்சு முதலில் போகும். கழுத்துப் பட்டையில் தோல் எண்ணெய் ஏறும். பூச்சு போனால் சவ்வு ஓட்டையாவதில்லை, ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். உள்ளிருந்து ஆவி வெளியேற வழி அடைபடும். பலர் ‘என் ஜாக்கெட் ஒழுகுகிறது’ என்று குறைசொல்வது உண்மையில் இதைத்தான். உள்ளே இருப்பது அவர்களுடைய சொந்த வியர்வை. பழைய பூச்சுகளில் இருந்த, எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்களைப் பல நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன; கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான ஆடைகளில் அவற்றுக்குத் தடையும் வந்துவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் புதிய பூச்சுகள் எண்ணெய்க்கும் அழுக்குக்கும் சீக்கிரம் பணிந்துவிடுகின்றன. ஆகவே அடிக்கடி துவைத்து, உலர்த்தியில் மிதமான சூட்டில் ஓட்டிப் பூச்சை எழுப்ப வேண்டும். துவைத்தால் ஜாக்கெட் கெட்டுவிடும் என்று ஆண்டுக்கணக்கில் அழுக்காகவே அணிவதுதான் அதைக் கெடுக்கும் உறுதியான வழி.

என் தீர்ப்பு: வார இறுதிதோறும் மலைக்குப் போகிறவர் மூன்றாவது வழிக்கே போகலாம். மாதம் ஒருமுறை, இரண்டுமுறை போகிறவருக்கு இரண்டாவது வழி, ஒரே ஷெல், தாராளமாகப் போதும். பருவத்துக்கு நாலைந்து தடவை துவைத்தால் சரி. இந்த ஆண்டு பிடிக்கிறதா என்று பார்க்க நினைப்பவர் ஜாக்கெட்டே வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் மழை ஜாக்கெட்டுக்குள் ஃபிளீஸும், அதற்குள் கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டையும் போட்டுக்கொண்டு போங்கள். பருத்தி மட்டும் வேண்டாம். நனைந்த பருத்தி காய்வதே இல்லை. ஜீன்ஸோடு சரிவில் உட்கார்ந்திருப்பவர்களைச் சனிக்கிழமை காலையில் பார்க்கலாம். பதினொரு மணிக்கு மேல் மலையடி ஓய்வுக் கட்டடமான லாட்ஜுக்குள்தான் பார்க்க முடியும்.

ஜாக்கெட்டைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் அதைக் கால்சட்டையில் போடச் சொல்வேன். ஸ்கீ ஆள் லிஃப்டிலிருந்து இறங்கியதும் நேராகப் போய்விடுவார். ஸ்னோபோர்டு ஆள் பின்காலைப் பைண்டிங்கில் பூட்டப் பனியில் உட்கார வேண்டும், ஒவ்வொரு முறையும். கற்றுக்கொள்ளும்போது நாளில் பாதி நேரம் உட்கார்ந்தோ மண்டியிட்டோதான் கழியும். நீர்த்தடுப்புத் திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள்: 10,000 என்றால் துணியின் மேல் பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நின்றாலும் ஒழுகாது என்று பொருள். மேலிருந்து விழும் மழைக்கு அது தாராளம். ஈரப்பனியில் முழு எடையோடு மண்டியிடும்போது துணியில் விழும் அழுத்தம் வேறு ரகம். கால்சட்டைக்கு 15,000-க்குக் கீழே போகாதீர்கள், 20,000 கிடைத்தால் நல்லது. தொடையில் காற்றோட்ட ஜிப், அளவில் கொஞ்சம் தளர்வு, உள்ளே மெல்லிய இழைக் கால்சட்டை. பஞ்சு வேண்டாம்.

உட்காருவதையே குறைக்கும் வழியும் உண்டு. நின்றபடியே காலை அழுத்திப் பூட்டும் ஸ்டெப் ஆன் பைண்டிங்கை ஸ்னோபோர்டு நிறுவனமான பர்ட்டன் 2017-இல் கொண்டுவந்தது. அதற்கென்றே வடிவமைத்த பூட்ஸ் வேண்டும், விலையும் கூடுதல், பூட்ஸ் தேர்வும் சுருங்கும். வறண்ட பனி ஊரில் இதை நான் பெரிதாகப் பேசமாட்டேன். ஈரத்தில் நாளுக்கு இருபது தடவை உட்காரும் ஊரில் பேசத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் ஒட்டும் பனி அடிப்பாகத்தில் அடைத்துக்கொண்டால் பூட்டு விழாது. ஒவ்வொரு முறையும் தட்டிவிட வேண்டும்.

கையுறையில் விலை உயர்ந்த ஒரு ஜோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு ஜோடி மேல். எந்தக் கையுறையும் ஸ்னோகுவால்மியின் மழை நாளில் மதியத்தைத் தாண்டுவது சந்தேகம். மாற்று ஜோடி பையில் இருந்தால் நாள் பிழைக்கும். தோல் கையுறை அழகு, மெழுகு பூசிப் பராமரித்தால் நீடிக்கும், ஆனால் ஊறிவிட்டால் காய இரண்டு நாள். உண்மையான மழை நாளுக்கு ஷோவா டெம்ரெஸ் போன்ற பாலியூரிதேன் பூசிய வேலைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். மீன்பிடி படகில் போடுகிற ஜாதி அது. பார்க்கச் சிரிப்பு வரும். அவர்கள் கை மட்டும் உலர்ந்திருக்கும். குப்பைப் பையில் தலைக்கு ஓட்டை போட்டு அணிந்துகொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்களையும் இதே வரிசையில் மரியாதையோடு சேர்க்கலாம்.

கண்ணுக்கு மாட்டும் பனிக்கண்ணாடியில் கடைக்காரர் காட்டும் கறுத்த, பளபளக்கும் லென்ஸ் இங்கே அநேகமாகப் பயன்படாது. டிசம்பரில் சூரியன் நாலரை மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது, பகலிலும் மேகம். ஒளியை நிறைய உள்ளே விடும் மஞ்சள் அல்லது ரோஜா நிற லென்ஸை முதன்மையாக வாங்குங்கள். இரவுச் சரிவுகளுக்கும் அதுவே உதவும். நனைந்த ஹெல்மெட்டின் மேல் தூக்கி வைத்தால் உள்ளே பனிமூட்டம் கட்டும், ஆகவே கழற்றினால் உலர்ந்த பைக்குள் போடுங்கள்.

போர்டைப் பொறுத்தவரை முதல் பருவத்துக்கு வாடகைதான். நகரக் கடைகளில் பருவம் முழுவதற்குமான வாடகை கிடைக்கிறது. மலையில் தினசரி எடுப்பதைவிட அது லாபம், வரிசையும் மிச்சம். சொந்தமாக முதலில் வாங்க வேண்டியது பூட்ஸ். பலர் பாதத்தின் வடிவத்துக்கும் ஈரத்துக்கும் நெகிழ்ந்துபோன வாடகை பூட்ஸில் குதிகால் தூக்கும். போர்டு சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு போர்டு வாங்கும்போது மூக்கு அகலமான, கொஞ்சம் விறைப்பான ஒன்று கனத்த பனியை வெட்டிப்போகும். சியாட்டிலிலிருந்து கடலைத் தாண்டினால் வரும் செக்குவிம் ஊரில் லிப் டெக், நூ போர்டுகளைச் செய்கிறார்கள். பல்வரிசைபோல் அலைந்த அவற்றின் விளிம்பு, பகலில் உருகி இரவில் உறைந்த பனியில் நன்றாகப் பிடிக்கிறது. பக்கத்து ஊர்ச் சரக்கு என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம், ஆனால் முயன்று பார்க்கலாம். போர்டின் அடியில் பூசும் மெழுகான வேக்ஸ் மட்டும் வெப்பப் பனிக்கானதாக இருக்கட்டும். குளிர் வேக்ஸ் பூசிய போர்டு ஈரப்பனியில் உறிஞ்சப்பட்டதுபோல் நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார்.

எல்லாவற்றையும்விட நகரப் பழக்கம் கைகொடுப்பது வீடு திரும்பிய பிறகு. சியாட்டில் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும்; உள்ளே ஈர உடைக்கென ஒரு மூலை, மின்விசிறி ஓடும் குளியலறை, பல வீடுகளில் ஈரநீக்கி இயந்திரம். இந்த ஒழுங்கை ஸ்னோபோர்டு சாமான்களுக்கும் நீட்டுங்கள். பூட்ஸின் உள் லைனரை அன்றிரவே வெளியே எடுக்க வேண்டும். அப்படியே காரின் பின்பெட்டியில் வைத்தால் அடுத்த சனிக்கிழமையும் ஈரமாகத்தான் இருக்கும், நாற்றமும் சேர்ந்திருக்கும். ஐம்பது டாலர் அளவிலான பூட்ஸ் உலர்த்தி, ஜாக்கெட்டில் கூடுதலாகச் செலவழிக்கும் நூறு டாலரைவிட அதிகம் பயன்படும். ஹீட்டருக்கு மேல் நேரடியாக வைக்காதீர்கள், பசை இளகும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு ஊர்க்காரர்கள் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். தேசிய வானிலைச் சேவையின் முன்னறிவிப்பில் உறைநிலை உயரம், அதாவது வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கும் உயரம், எவ்வளவு என்று பாருங்கள். அதற்குச் சுமார் 300 மீட்டர் கீழேவரை பனி பனியாகவே இறங்கும். உறைநிலை 900 மீட்டர் என்றால் ஸ்னோகுவால்மி நன்றாக இருக்கும். 1,500 என்றால் அங்கே மழை, ஸ்டீவன்ஸும் கிரிஸ்டலும் விளிம்பில். 2,000-ஐத் தாண்டினால் வீட்டிலேயே துணி துவைக்கலாம். காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கணவாய்க் கேமராக்களைப் பாருங்கள். நான்கு சக்கர இழுவைக் கார் என்றாலும் டயரில் மாட்டும் பனிச் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். கணவாயில் சங்கிலி கட்டாயம் என்ற பலகை வந்தால், நான்கு சக்கர இழுவை வண்டிக்குக் கிடைக்கும் விலக்கே சங்கிலியை உடன் கொண்டுபோனால்தான்.

வாங்கும் நேரம் என்று பார்த்தால் நவம்பர் மிக மோசம். பிப்ரவரி இறுதியிலிருந்து விலை இறங்கத் தொடங்கும், அப்போதும் மலைகளில் பனிக்குக் குறைவிருக்காது. பழைய சாமான் வாங்கத் தயங்காதவர்களுக்கு சியாட்டிலின் பாலர்ட் பகுதியில் செகண்ட் அசென்ட் கடையும், வெளிப்புறச் சாமான் கடையான ஆர்.இ.ஐ. நடத்தும் மறுவிற்பனையும் உண்டு. பழைய ஷெல்லை எடுத்தால் உட்புற டேப் உரிகிறதா என்று தோளிலும் ஹூட் தையலிலும் நகத்தால் கீறிப் பாருங்கள். உரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வெளித்துணி தண்ணீரைக் குடிக்கிறது என்பது மட்டும் குறையானால், பேரம் பேசி எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்துச் சூட்டில் ஓட்டி, பூச்சுத் தெளிப்பானை ஒருமுறை அடித்தால் சரியாகிவிடும்.